அணிந்த முகம்

நுழையும்முன்

முகத்துக்கு முகம் வேறுபடுவதைப் போலவே மூளைக்கு மூளையும் வேறுபடும். முக வேறுபாட்டைக் கண் உடனே காணும். மூளையின் வேறுபாடோ நடத்தையின் வழியாகவே வெளிப்படும். அந்நடத்தையையும் மறைத்துக்கொள்ள ஒருவர் பழகிவிட்டால், அவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அவ்வாறு மறைத்து வாழும் வளர்ந்தவர்களின் அன்றாடத்தையும், அதனால் அவர்கள் படும் பாட்டையும் இப்பாடம் விளக்குகிறது.

புகாரின் மன்றங்கள்

பூம்புகார்க் கடற்கரையில் எழுநிலை மாடமாக உயர்ந்து நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கண்ணகியின் கதையைச் சிற்பங்களில் காண வருவோர், அவ்வளாகத்தில் இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம் என்னும் அமைப்புகளையும் காண்பர். இவை இளங்கோவடிகள் இந்திரவிழவு ஊர் எடுத்த காதையில் கூறும் ஐவகை மன்றங்களுள் அடங்கியவை.

இலஞ்சி மன்றத்தில் ஒரு பொய்கை இருந்தது. கூனரும் குறளரும் வாய்பேசாதவரும் காதுகேளாதவரும் உடல் அழுகும் நோயுற்றவரும் அதில் மூழ்கியெழுந்தால் குறை நீங்கி நல்லுருப் பெறுவர் என்பது காப்பியச் செய்தி. நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம்வந்து தொழுதால், வஞ்சனையால் மருந்தூட்டப்பட்டுப் பித்தேறியவர் முதலியோரின் துயர் நீங்கும். பூதச் சதுக்கத்துப் பூதமோ, தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் புரிவோரையும் பொய்ச்சான்று கூறுவோரையும் தண்டிக்கும். ஐந்தாவது பாவை மன்றம். அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறவையம் ஒருபுறம் சாய்ந்தாலும் அங்குள்ள பாவை நாவால் ஒன்றும் சொல்லாது. கண்ணீர் மட்டும் சிந்தும்.

பழம்பெரும் துறைமுக நகரம் ஒன்று தன் மக்களுள் வேறுபட்டோரையும் துயருற்றோரையும் எண்ணிப் பார்த்தது என்பது வியப்பிற்குரியது. எனினும், அவ்வெண்ணம் எத்திசையில் செல்கிறது என்பதையும் நோக்க வேண்டும். பொய்கையில் மூழ்க வேண்டியவர் வேறுபட்டவரே. மூழ்கியெழுந்தபின் அவர் மற்றவரைப்போல் ஆகிவிடுகிறார். ஊர் மாற வேண்டிய தேவை எழுவதில்லை. இலஞ்சி மன்றத்துப் பொய்கை காப்பியத்தோடு நின்றுவிட்டது எனக் கொள்வது எளிது. ஆனால் ‘எல்லாரையும்போல் இரு’ என்னும் சொல், வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அப்பொய்கையின் வேலையையே இன்றளவும் செய்துவருகிறது. இப்பாடம் கருதும் மனிதர்கள் இலஞ்சி மன்றத்திற்கும் பாவை மன்றத்திற்கும் இடையில் நிற்பவர்கள். வெளிப்பார்வைக்குப் பொய்கையில் மூழ்கியெழுந்தவர்போல் தோன்றுவர். உள்ளே, பேசாத பாவையாய் அழுவர்.

பன்மையும் பெயரும்

ஆட்டிசம், கவனச்சிதறலோடு கூடிய மிகையியக்கம், டிஸ்லெக்சியா எனப்படும் எழுத்துவாசிப்பு இடர்ப்பாடு முதலியன பிறவியிலேயே மூளை வளரும் முறையில் அமையும் வேறுபாடுகள். இவை தொற்றுவனவும் அல்ல. பெற்றோரின் வளர்ப்புப் பிழையால் வருவனவும் அல்ல. ஆட்டிசமுடைய ஒருவருக்குக் குழல்விளக்கின் மெல்லிய இரைச்சல் காதைத் துளைக்கலாம். ஒரு பொருளில் ஆழ்ந்த அவர் மனம் பல மணிநேரம் அதிலேயே நிலைக்கலாம். பிறர் குரலின் ஏற்ற இறக்கத்தில் மறைந்திருக்கும் பொருள் பிடிபடாமல் போகலாம். கவனச்சிதறலுடையவர்க்குக் காலத்தை அளந்து செயலைத் தொடங்குவதே பெரும்பாடு. எழுத்துவாசிப்பு இடர்ப்பாடுடையவர் கேட்டதை நுட்பமாக உணர்வார். அதையே படிக்க நேர்ந்தால் தடுமாறுவார்.

இவ்வேறுபாடுகள் அனைத்தையும் நோயெனக் கருதாது மனித இயற்கையின் பன்மையாகக் காணும் நோக்கு, 1990களில் ஆட்டிசமுடையோரிடமிருந்தே எழுந்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தம் ஆய்வேட்டில், உயிரினப் பன்மை என்னும் சொல்லை அடியொற்றி நரம்பியற் பன்மை என்னும் பொருள்தரும் சொல்லைக் கையாண்டார். உயிரினப் பன்மை என்னும் கருத்து காவிரிப் படுகையினர்க்கு எளிதில் விளங்குவது. உவர்நிலத்துக்குக் குடவாழையும் களர்ப்பாலையும், வெள்ளம் தேங்கும் பள்ளத்துக்குக் காட்டுயானமும் என மண்ணுக்கேற்ற நெல்லை இவ்வட்டாரத்து உழவர் வைத்திருந்தனர். மேட்டுநிலத்தில் குறைவாய் விளைந்த நெல்லை எவரும் நோயுற்ற நெல் என்று கூறவில்லை. அது வேறு வயலுக்கு உரியது என்றே கூறினர். இவ்வுவமையை எல்லைமீறி இழுக்கலாகாது. வேறுபட்ட மூளையுடையோர் ஒவ்வொருவருள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறார் என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. பெரும்பாலோர் மற்றவரைப்போல் இயல்பான திறமும் இயல்பான குறையும் உடையவர்களே. மேலும், பேச்சே வாய்க்காமல் வாழ்நாள் முழுவதும் உறுதுணை வேண்டுவோரும் அவர்களுள் உளர். மறைத்து வாழ்தல் என்பது அவர்களுக்கு இயலாத ஒன்று. மறைக்கவல்லோரைப் பற்றிப் பேசும்போது மறைக்கவியலாதோரை மறப்பது இன்னோர் அநீதியாகும்.

பெயர்களுள்ளும் ஒரு சிக்கல் உண்டு. தமிழக அரசின் வழக்கில் ஆட்டிசமுடையோர் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ எனக் குறிக்கப்படுகின்றனர். ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளி என்னும் கண்ணியமான சொல்லைப் புழக்கத்திற்குக் கொணர்ந்த அதே மொழியில்தான் இத்தொடரும் வழங்குகிறது. மறைத்து வாழும் ஒருவரின் ஒருநாளை அருகிருந்து நோக்கினால் இத்தொடர் எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியவரும். அவர் விழித்திருக்கும் பொழுதெல்லாம் சிந்திப்பது புற உலகைப் பற்றியே.

ஒரு நாளின் உழைப்பு

பூம்புகாரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் மயிலாடுதுறைக்குச் சென்று ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும், முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கு ஆட்டிசம் உண்டு. அது அவருக்கே தெரியாது. ‘கூச்சசுபாவம்’, ‘அடக்கமான பெண்’, ‘கொஞ்சம் அழுத்தக்காரி’ என்பன ஊரார் அவருக்கு வழங்கிய பெயர்கள்.

பேருந்தின் காற்றொலிப்பான் அவர் உடல் முழுவதையும் உலுக்குகிறது. அவர் முகத்தை அசைக்காமல் அமர்ந்திருக்கிறார். அலுவலகத்தில் நுழைந்ததும் எவரை எத்தனை நொடி நோக்க வேண்டும், எந்த இடத்தில் புன்னகைக்க வேண்டும் என்பன மனத்துள் ஓடுகின்றன. விரல்களை ஒன்றோடொன்று தேய்ப்பது அவருக்கு அமைதி தரும் பழக்கம். பிறர் கேலிசெய்த நாள்முதல் அந்தக் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறார். முற்பகலில் அருகிலிருப்பவர், ‘சாப்பாடு ஆயிற்றா?’ என வினவுகிறார். முதன்முதலில் இவ்வினாவை எதிர்கொண்டபோது அவர், ‘இன்னும் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லையே’ என்று மெய்யாகவே விளக்கமளித்தார், சுற்றியிருந்தோர் சிரித்தனர்.

வினா ஆறு வகைப்படும் என நன்னூல் கூறும். ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்பது வடிவில் அறியா வினா; கருத்தில் அது வினாவே அன்று, அன்பின் அடையாளம். விடைகளையும் நன்னூல் எட்டாகப் பகுக்கும். அவற்றுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றே நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. ‘கடைக்குப் போவாயா?’ என்ற வினாவுக்குக் ‘கால் வலிக்கிறது’ என்று ஒருவர் கூறினால், போகமாட்டார் என்பதைக் கேட்டவர் தாமே உணர்ந்துகொள்ள வேண்டும். மக்கள் பேச்சில் பெரும்பகுதி குறிப்பு விடைகளால் ஆனது என்பதைப் பவணந்தி முனிவர் நூற்பாவில் வைத்தார். பிறர் தாய்ப்பாலோடு பருகிய அவ்விலக்கணத்தை, இப்பெண் நூற்பா நூற்பாவாக மனனம் செய்தவர். ‘இவர் இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும்’ என்ற எழுதப்படாத ஏடு ஒன்று அவர் உள்ளத்தில் இருக்கிறது. பேசும் ஒவ்வொரு முறையும் அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்தே பேசுகிறார். கேட்பவருக்கு அது இயல்பான பேச்சாகவே ஒலிக்கிறது.

படுகை நாட்டுத் திருமண வீடு இவ்வுழைப்பின் உச்சம். நாகசுரமும் தவிலும் செழித்த மண் இது. கெட்டிமேளம் முழங்கும்போது பந்தலில் இருப்போர் உள்ளம் பூரிக்கும்; ஒலிக்கூர்மை மிகுந்தவருக்கோ அது நெற்றியில் விழும் அடி. அதனோடு உறவுமுறைகள். பார்த்த முகத்தை நினைவுகொண்டு சித்தியா, பெரியம்மாவா, அத்தையா எனப் பிழையின்றி அழைக்க வேண்டும். பந்தியில் வேண்டாம் என்பதை மும்முறை சொல்லியும் இலையில் விழும் இனிப்பைப் புன்னகையோடு ஏற்க வேண்டும். வீடு திரும்பியதும் அவர் அறைக்கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நாள் படுத்திருப்பார். ‘நாலுபேரோடு கலந்து பழகத் தெரியவில்லை’ என்பார் வீட்டார். நாலுபேரோடு கலந்து பழகியதால்தான் அந்நிலை வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மறைத்தொழுகல்

இவ்வாறு தம் இயல்பை அடக்கிப் பெரும்பான்மையோரின் நடத்தையை அணிந்துகொள்வதை மறைத்தொழுகல் எனலாம். 2017ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் லாரா ஹல்லும் அவர்தம் குழுவினரும் ஆட்டிசமுடைய 92 வளர்ந்தவர்களிடம் அவர்தம் பட்டறிவைக் கேட்டுத் தொகுத்தனர். பணியிடத்தில் நிலைபெறவும், கேலியினின்று தப்பவும், பிறரோடு உறவுகொள்ளவும் மறைப்பதாக அவர்கள் கூறினர். கடுஞ்சோர்வும் ‘நான் உண்மையில் யார்?’ என்ற குழப்பமும் அதன் விளைவுகள் எனவும் கூறினர். இதன் தொடர்ச்சியாக 2019இல் 25 கூற்றுகள் அடங்கிய ஓர் அளவுகோல் உருவானது. ஈடுசெய்தல், முகமூடியணிதல், கலந்துவிட முயலுதல் என்னும் மூன்றை அது பிரித்தறிகிறது. உரையாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது முதல்வகை. விரல்தேய்க்கும் கையை ஒளிப்பது இரண்டாம் வகை. விருப்பமின்றியும் கூட்டத்தில் தம்மை வலிந்து நிறுத்துவது மூன்றாம் வகை.

எல்லாரும் சிறிது நடிக்கத்தானே செய்கிறார்கள் என்னும் வினா இங்கு எழும். நேர்காணலுக்குச் செல்பவர் தம்மை மெருகேற்றிக்கொள்வது உண்மையே. ஆனால் அவர் மெருகேற்றுவது தம் முகத்தை. மறைத்தொழுகுபவர் அணிவது இன்னொருவர் முகத்தை. நேர்காணல் அரைமணியில் முடியும், இது முடிவதில்லை. பூதச் சதுக்கத்துப் பூதம் தண்டித்த வேடதாரிகளோடும் இவர்களைச் சேர்க்கலாகாது. வேடதாரி பிறரை வஞ்சிக்க மறைக்கிறார். இவர்கள் பிறரால் ஒதுக்கப்படாதிருக்க மறைக்கிறார்கள். இவ்வேறுபாட்டை உணராதோர், பின்னாளில் ஒருவர் தமக்கு ஆட்டிசம் உண்டெனக் கூறும்போது ‘இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாய்?’ எனக் குற்றஞ்சாட்டும் தொனியில் கேட்பதுண்டு.

முகமூடியின் பாரத்தை நன்கறிந்த மரபு ஒன்று காவிரி நாட்டிலேயே உள்ளது. தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நிகழும். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மராக வருபவர் அணியும் முகமூடி, வெறும் ஒப்பனைப் பொருளன்று, வழிபாட்டுக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருந்தே அணிவார். ஒருவர் தம் முகத்தின்மேல் இன்னொரு முகத்தை ஏற்பது எளிய செயலன்று என்பதை அவ்வூரார் அறிவர். ஆதலின் அதற்குரிய நாளும் வரம்பும் வைத்தனர். அணிந்தவரைச் சூழ்ந்து துணைநிற்கவும் செய்கின்றனர். அலுவலகத்திற்கு முகமூடி அணிந்து செல்பவருக்கோ நாளும் இல்லை, வரம்பும் இல்லை, துணைநிற்போரும் இல்லை. அவர் அணிந்திருப்பதே எவருக்கும் தெரியாது.

ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ஒரு நாள் உடலும் மனமும் ஓய்ந்துவிடுகின்றன. முன்பு எளிதாய்ச் செய்த செயல்களும் இயலாமற் போகும், பேச்சுக்கூடக் குறையும். பதற்றமும் மனச்சோர்வும் மறைத்தொழுகுவோரிடம் மிகுதியாய்க் காணப்படுவதை ஆய்வுகள் தொடர்ந்து சுட்டுகின்றன. அந்நிலையில் மருத்துவரிடம் சென்றால் பெரும்பாலும் மனச்சோர்வுக்கே மருந்து கிடைக்கிறது. அதன் வேர் அறியப்படாமலே நிற்கிறது.

ஏன் கண்ணிற்படவில்லை?

ஆட்டிசத்தைப் பற்றிய தொடக்ககால விளக்கங்கள் குழந்தைகளை, அவர்களுள்ளும் பெரிதும் சிறுவர்களைக் கொண்டு எழுதப்பட்டவை. சோவியத் நாட்டு மருத்துவர் குருன்யா சுகாரெவா 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றியும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் சில சிறுவர்களைப் பற்றியும் எழுதினர். பேச்சாற்றலும் அறிவாற்றலும் உடையோரும் இவ்வகையினராய் இருக்கக்கூடும் என்பது 1981இல் இலண்டன் மருத்துவர் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை அடையாளம் காணப்படாமலே வளர்ந்து முதிர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கண்ணோடு கண் நோக்காமை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக மேலைநாட்டு நூல்கள் கூறும். பெரியவர்முன் நிலம்நோக்கி நிற்பதை மரியாதையாகக் கொள்ளும் ஊரில் அவ்வடையாளம் பயன்படுமா? பேசாத பெண்குழந்தை இங்குக் கவலைக்குரியவள் அல்லள், பாராட்டுக்குரியவள். ஓயாது ஓடும் சிறுவனைப் பற்றிப் பள்ளியிலிருந்து ஓலை வரும்; வகுப்பின் மூலையில் கனவுகண்டு அமர்ந்திருக்கும் சிறுமியைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அடக்கம் என்னும் உயர்ந்த சொல், சில இல்லங்களில் ஒரு திரையாகவும் தொங்குகிறது.

மதிப்பிடும் முறையிலும் இடர்ப்பாடு உள்ளது. இந்தியாவில் சான்றிதழ் வழங்கப் பயன்பட்டுவரும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படும். கூட்டுத்தொகை 70க்குக் கீழாயின் ஆட்டிசம் இல்லை எனக் கொள்ளப்படும். வெளிப்படும் நடத்தையை நோக்கியும் பெற்றோரை வினவியும் இடும் மதிப்பெண்கள் இவை. வெளிப்படாமல் காப்பதையே வாழ்நாள் உழைப்பாகக் கொண்டவர் இத்தேர்வில் ‘வெற்றி’ பெற்றுவிடுகிறார். அவரது மறைக்கும் திறனே அவருக்குக் கிட்ட வேண்டிய உதவியைத் தடுக்கிறது. இத்தகைய மதிப்பீட்டைப் பயிற்சி பெற்ற வல்லுநரே செய்ய வேண்டும் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. சில அடையாளங்கள் தம்மோடு பொருந்துவதைக் கண்டு தமக்குத் தாமே பெயர்சூட்டிக்கொள்வது முறையாகாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற பொது அமைப்புகள் இதற்கென உள்ளன.

கும்பகோணத்து இளைஞர்

வேறுபட்ட மூளையுடையோர் எனச் சிலர் வரைந்த பட்டியல்களில் கணிதமேதை சீனிவாச இராமானுசன் பெயரும் இடம்பெறுகிறது. மறைந்தவரை எவரும் மதிப்பிட இயலாது. எஞ்சிய கடிதங்களையும் பிறர் நினைவுகளையும் கொண்டு ஒருவரின் மூளைக்குப் பெயரிடுவது ஊகமேயன்றி அறிவியலாகாது. அப்பெயரை நீக்கிவிட்டு, ஐயத்திற்கிடமின்றி அறியப்படும் செய்திகளை மட்டும் நோக்குவோம்.

1904இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்ற அவர், அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தோற்றதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. ஒரே அளவுகோலால் அனைவரையும் அளக்கும் தேர்வு, அக்காலத்தின் தலைசிறந்த கணித மூளையை இருமுறை வெளியே நிறுத்தியது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1914 மார்ச்சில் கப்பலேறுமுன் குடுமி களையப்பட்டது. காலணி பழக வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் புலாலுணவைத் தவிர்த்துத் தாமே சமைத்து உண்டார்.

அங்குக் குளிர்காலத்தில் நிகழ்ந்ததாகப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி, இப்பாடத்திற்கு மிகவும் பொருந்துவது. இரவில் குளிரால் நடுங்குவதாக இராமானுசன் கூறவே, அப்போது அங்கு மாணவராயிருந்த மகலனோபிஸ் படுக்கையறையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியாது. மேலங்கியோடு அவற்றின்மேலேயே படுத்திருந்தார். எவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய ஒன்று என்று அந்நாட்டில் எவருக்கும் தோன்றவே இல்லை. மகலனோபிஸ் நகைக்காமல் விரித்துக் காட்டினார். எழுதப்படாத விதிகளுக்கு நடுவே வாழ்வோர்க்கு வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இருகரைப் பாலம்

ஆட்டிசமுடையோர்க்குப் பிறர் மனம் விளங்காது என்பது நெடுநாள் கருத்து. தாமே ஆட்டிசமுடையவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதனைத் திருப்பிப் போட்டார். அவர்களுக்குப் பிறர் மனம் விளங்காதது உண்மையாயின், பிறருக்கு அவர்கள் மனம் விளங்காததும் அதே அளவு உண்மை. ஆகவே இது ஒருவரின் குறையன்று, இருவருக்கிடையிலுள்ள இடைவெளி என்றார். எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. எட்டெட்டுப் பேராக ஒன்பது சங்கிலிகள். முதல்வருக்குச் சொல்லப்பட்ட கதை செவிவழியே எட்டாமவரைச் சென்றடைய வேண்டும். முழுவதும் ஆட்டிசமுடையோராய் அமைந்த சங்கிலியில் கதை, மற்றவர்களின் சங்கிலியில் நின்ற அளவுக்கே நின்றது. இருசாராரும் கலந்த சங்கிலியில்தான் விரைந்து சிதைந்தது. மிகுதியானோரைக் கொண்டு பின்னர் நிகழ்த்திய ஆய்வில் கலப்புச் சங்கிலியின் சிதைவு உறுதிப்படவில்லை. ஆட்டிசமுடையோர் செய்தி உரைப்பதில் குறைந்தவர் அல்லர் என்பது மட்டும் இரண்டு ஆய்விலும் நிலைபெற்றது.

இளங்கோவடிகளின் புகார் இங்கு மீண்டும் உதவுகிறது. ஐவகை மன்றங்களைப் பாடிய அதே காதையில், கடல்கடந்து வந்த வேற்றுநாட்டு வணிகர் ஒருங்கு கலந்து வாழ்ந்த கரையோரக் குடியிருப்பும் பேசப்படுகிறது. யவனரின் மொழி புகாரார்க்கு விளங்கவில்லை. அதனால் எவரும் யவனரை இலஞ்சிப் பொய்கைக்கு அனுப்பவில்லை. வணிகம் நடக்க வேண்டுமெனில் விற்பவரும் வாங்குபவரும் சிறிது சிறிது கற்றுக்கொண்டாக வேண்டும் என்பது துறைமுகத்தின் அறிவு.

இந்தியச் சட்டமும் அண்மைக்காலத்தில் அத்திசையில் நகர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களை ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்று, ஆட்டிசத்தையும் கற்றல் இடர்ப்பாட்டையும் சேர்த்தது. அரசுப் பணியிடங்களின் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை இவ்வகையினரும் பெறலாம். ஆயின் ஒதுக்கீட்டைவிட மறைத்தொழுகுவோர்க்கு நெருக்கமானது அச்சட்டத்திலுள்ள மற்றொரு கருத்து: தகுந்த ஏற்பாடு. பணியாளரைப் பணியிடத்திற்கேற்ப வளைப்பதற்கு மாறாக, மிகைச்சுமை ஏற்படாத அளவில் பணியிடத்தைப் பணியாளருக்கேற்ப மாற்றுதல். தமிழகப் பொதுத்தேர்வில் எழுத்துவாசிப்பு இடர்ப்பாடுடைய மாணவர்க்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணிநேரமும் மொழிப்பாட விலக்கும் வழங்கப்படுவது இதன் ஒரு வடிவம். தேர்வறையில் அவர்களைக் கண்டு முணுமுணுக்கும் மாணவர் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்து எழுதுபவரை எவரும் அவ்வாறு முணுமுணுப்பதில்லை.

வளர்ந்தவர்க்கான ஏற்பாடுகள் பெரும்பாலும் செலவற்றவை. வாய்மொழி ஆணையை எழுத்தில் தருதல், கூட்டத்திற்கு முன்பே பேசுபொருளை அறிவித்தல், ‘முடிந்தால் பாருங்கள்’ என்பதற்கு மாறாக ‘வியாழன் மாலைக்குள் வேண்டும்’ எனத் தெளிவாக உரைத்தல், இரைச்சலிலிருந்து இருக்கையைச் சற்றுத் தள்ளியிடல் ஆகியன போதும். முகமூடியை உடனே கழற்றுமாறு அவர்களை வற்புறுத்துவதும் தவறு. எவ்விடம் பாதுகாப்பானது என்பதை அணிந்திருப்பவரே அறிவார். சிலர் வீட்டில் கழற்றுவர், சிலர் ஒரு நண்பரிடம் மட்டும்.

மயிலாடுதுறை அலுவலகத்துப் பெண்ணுக்கும் அத்தகைய ஏற்பாடு வாய்த்ததாகக் கற்பனையை நீட்டிக்கலாம். ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம் என மருத்துவர் கூறிய நாளில், அவனுடைய அடையாளங்களாக அவர் சொன்னவை யாவும் தம் குழந்தைப் பருவத்தின் கதையாகவே அவருக்குக் கேட்டன. பின்னர்த் தம்மையும் மதிப்பீட்டிற்கு உட்படுத்திக்கொண்டார். மகனால் தாய் தம்மை அறிவது இவ்வகையில் அரிதன்று. மேலாளரிடம் மட்டும் அதைச் சொன்னார். அவர் இருக்கை வாயிலருகிலிருந்து சன்னலோரத்திற்கு மாறியது. வேலைகள் தாளில் எழுதி வருகின்றன. பேருந்தில் காதடைப்பான் வைத்துக்கொள்கிறார். ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்பவருக்கு இப்போதும் மனனம் செய்த விடையையே தருகிறார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த கை, இப்போது மேசைமேல் இருக்கிறது. விரல்கள் ஒன்றோடொன்று மெல்லத் தேய்கின்றன. கணக்குப் பிசகின்றி ஏறுகிறது.